வெள்ளைக் கட்டைகள் மட்டும்

"கீபோர்டுக் கட்டையைப் பாருக்கா, என் விரலைப் பாரு. வெள்ளையை விட்டு வெளிய போயிருக்கேனா?"

"விரலை வச்சு நான் என்ன பண்ண? மேல ஏற மாட்டேங்குதுடா. போன மாசம் சும்மா வந்துச்சு."

"அப்போ உன் தொண்டையைக் கேளு. என்மேல எரிஞ்சு விழாதே."

சுவருக்கு இந்தப் பக்கம் நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். கை வேலையாக இருந்தால் காது சும்மாதானே கிடக்கிறது.

செயலாளர் சார், பக்கத்து வீட்டு மாற்றுச் சாவி என்னிடம் இருக்கிறதா என்று மட்டும்தான் கேட்டீர்கள். இருக்கிறது. ஆனால் அதை வைத்துக்கொண்டு என்ன செய்தேன் என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். நம் குடியிருப்பில் அரைகுறையாகத் தெரிந்ததை வைத்துத்தான் வம்பு பேசுகிறார்கள். எனக்கு வம்பு ஆகாது.

பாட்டு டீச்சரும் அவள் தம்பியும் அங்கே இருந்தார்கள். அவன் பார்சல் கொண்டுபோய்க் கொடுக்கிறவன். பகலில் சிலிண்டர் வந்தால் கதவு திறக்க ஆள் வேண்டுமென்று என்னிடம் சாவி கொடுத்தார்கள். கொடுத்த சாவியைச் சும்மா வைத்திருந்தால் மரியாதையாக இருக்குமா? அவ்வப்போது போய் ஃப்ரிட்ஜைத் திறந்து பார்ப்பேன், அலமாரியைப் பார்ப்பேன். ஒன்றையும் எடுத்ததில்லை.

டீச்சருக்குத் தொண்டையில் ஆபரேஷன் ஆகியிருந்தது. பாடலாம், மேலே இழுத்துப் பாடக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதனால் தன் பாட்டை சி மேஜரில் இறக்கி வைத்துக்கொண்டாள். தம்பிக்கும் கீபோர்டில் அதைத் தவிர வேறொன்றும் வாசிக்கத் தெரியாது.

"அதுல அப்படி என்னடி இருக்கு?" என்று துணி காயப்போடும்போது கேட்டேன்.

"ஒண்ணும் இல்லாததுதான் அதுல விசேஷம்கா. ஷார்ப் கிடையாது, ஃப்ளாட் கிடையாது, கருப்புக் கட்டையே தொட வேணாம். சின்னப் பசங்க பாட ஆரம்பிக்கறதும் அதுலதான், பெரிய கச்சேரியில வெளிச்சம் வந்த மாதிரி முடிக்கறதும் அதுலதான். ஒளிஞ்சுக்க இடமே இருக்காது."

"வெள்ளையடிச்ச காலி வீடு மாதிரின்னு சொல்லு."

"அதேதான்."

"கொசு உக்காந்தாக்கூடத் தெரியும்."

சிரித்தாள். நல்ல சிரிப்பு. அந்தச் சிரிப்போடுதான் அடுத்ததையும் சொன்னாள். வெளியூரில் பெரிய இசைப் பள்ளி, சேர்ந்திசைக்குத் தலைமை ஆசிரியை வேலை, தங்க வீடும் உண்டு, பாடிக் காட்ட வேண்டும். "கிடைச்சுட்டா இதைக் காலி பண்ணிடுவோம்கா."

எனக்கு ரொம்ப சந்தோஷம். அப்படித்தான் அவளிடம் சொன்னேன்.

எங்கள் வீட்டுக்காரர் டி.வி. ரிமோட்டோடு மட்டும்தான் குடித்தனம் நடத்துகிறார் என்பது உங்களுக்கே தெரியும். சாயங்காலமானால் எனக்கு அந்தச் சுவர்தான். அந்தப் பக்கம் ஆள் இல்லை என்றால் அது வெறும் செங்கல்.

கீபோர்டில் ஒரு பட்டன் இருந்தது. தம்பிதான் ஒருநாள் பெருமையாகக் காட்டினான். "இது தில்லுமுல்லு பட்டன்கா. ஒரு தட்டு தட்டினா எல்லாம் அரைக் கட்டை ஏறிடும். விரல் சி மேஜர்லயே இருக்கும், சத்தம் மட்டும் மாடி ஏறிடும்."

"உன்னை மாதிரி சோம்பேறிக்குன்னே பண்ணியிருக்கான்."

"எனக்கு எதுக்குக்கா? அவ சி-யை விட்டு நகர மாட்டா."

பழைய கீபோர்டு. அணைத்துப் போட்டாலும் வைத்த இடத்தை மறக்காது. எண் காட்டுகிற சின்னத் திரை எப்போதோ செத்துப்போயிருந்தது. டீச்சர் வேலை பார்த்த மழலையர் பள்ளியில் கைதட்டலும் ஒரு மேளமும்தான். சுதியை ஒத்துப் பார்க்க அவளுக்கு வேறு வாத்தியம் கிடையாது.

வீட்டில் ஆள் இல்லாத ஒரு பகலில் போய் அந்தப் பட்டனை ஒரு தட்டு தட்டினேன். சில நாள் கழித்து இன்னொன்று. ஒரேயடியாக ஏற்றியிருந்தால் அவளுக்குத் தெரிந்திருக்கும். நான் அவசரக்காரி இல்லை. நாலு தட்டு ஆனபோதுதான் அந்த வெங்காயச் சண்டை நடந்தது. அவன் விரல் வெள்ளைக் கட்டையிலேயே இருந்தது, அவள் கண்ணால் பார்த்தாள், பார்த்ததை நம்பினாள். யாராக இருந்தாலும் நம்புவார்கள்.

வெந்நீர் எடுத்துக்கொண்டு போனேன். "கத்தி பட்ட தொண்டைம்மா. இதுக்கு மேல எதுக்கு ஆசை? இங்கேயே இருந்துடேன்" என்றேன். விண்ணப்பத்தைக் கிழித்துப் போடுவாள், அதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். அவளோ, "சி மேஜர்கூட வரலேன்னா நான் என்னக்கா டீச்சர்?" என்றாள். அன்றிலிருந்து இன்னும் இழுத்துப் பாட ஆரம்பித்தாள். அவளுக்கு இவ்வளவு பிடிவாதம் இருக்கும் என்று நான் கணக்குப் போடவில்லை. அதை என் தவறு என்று சொல்ல முடியுமா, தெரியவில்லை.

பாடிக் காட்டப் போவதற்கு முதல் நாள், உச்சத்தில் துணி கிழிகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. பிறகு தம்பியின் குரல் மட்டும். முதலில் ஓடியது நான்தான். கைக்குட்டையில் ரத்தம். அவன் ஆட்டோ பிடிக்கப் போனான். நான் அவளைத் தாங்கிப் பிடித்துக்கொண்டே கீபோர்டை அணைத்தேன், கரண்ட் வீணாகக் கூடாதே. பட்டனை இறக்கி வைத்திருக்கலாம். அடுத்தவர் பொருளில் தேவையில்லாமல் கை வைப்பானேன் என்று விட்டுவிட்டேன்.

இனிமேல் குரல் வராது என்று டாக்டர் சொல்லிவிட்டார். தம்பி கீபோர்டை விற்கப் போனபோது, "இது நாலு அரைக் கட்டை ஏத்தி வச்சிருக்கே" என்று கடைக்காரர் சொல்லியிருக்கிறார். நேராக என் வீட்டுக்கு வந்து தரையில் உட்கார்ந்தான். "என் கைதான் பட்டிருக்கும்கா. நான்தான் அவளைக் கொன்னுட்டேன்" என்று அழுதான்.

தலையைத் தடவிக் கொடுத்தேன். "தெரியாம நடந்ததுதானே. அவகிட்ட ஒத்துக்கோ, மனசு லேசாகும்" என்றேன். நல்ல பிள்ளை, ஒத்துக்கொண்டான். அவள் அவனை ஒன்றும் சொல்லவில்லை. சொல்லக் குரலும் இல்லை.

அவன் கப்பலில் சமையல் வேலைக்குப் போய்விட்டான். டீச்சர், காது கேளாத பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துகிற ஒருவரைக் கட்டிக்கொண்டு அவர் ஊருக்கே குடிபோய்விட்டாள். கடைசியில் அவளும் போய்விட்டாள், பாருங்கள். பதிவுத் திருமணம். தம்பிக்குச் சொல்லி அனுப்பவில்லை. பெண் வீட்டுச் சாட்சியாகக் கையெழுத்துப் போட்டது நான்தான். கிளம்பும்போது என் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். என்னை விட்டால் அந்தப் பெண்ணுக்கு யார் இருக்கிறார்கள், நீங்களே சொல்லுங்கள்.