புயலில் போனவருக்கு இரண்டு நாள்

என் கையெழுத்து கோழி கிளறியது போல இருக்கும், எழுத்துப் பிழையும் வரும். ஐந்தாம் வகுப்போடு நின்றவன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நெடுந்தீவு போகும் லாஞ்சிப் படகில் எனக்கு முன்னால் இரண்டு பெண்கள் இருந்தார்கள். அறுபத்துநாலாம் ஆண்டு டிசம்பர்ப் புயலில் கடலோடு போன ஒருவரின் மனைவியும் தங்கையும்.

“என்ரை மனுசன் வருசத்திலை ரெண்டு தரம் சாகேலாது,” என்றாள் மனைவி. அந்தப் பேச்சுக்குத்தான் என் காது திரும்பியது.

“மச்சாள், புயல் உங்கடை வீட்டுக்கு மட்டும் அடிக்கேல்லை, நாடே அழுதது. மார்கழி இருபத்துமூண்டிலை எல்லாரும் கூடிச் செத்தவையின்ரை பேர் வாசிக்கேக்கை, அண்ணைக்கு விளக்கேத்த ஆர் இருக்கினம்?” என்றாள் தங்கை.

“அது பேப்பர்க்காரற்றை தேதி. அவருக்குப் பசிக்கிறது திதியிலை. முந்தநாள் படைச்சிட்டன்.”

“என்னத்தைப் படைச்சனீங்கள்?”

“திவசத்துக்கு மரக்கறிதானே.”

“அண்ணை வாழைக்காய்க் கறியைக் கண்டால் சோத்துக் கோப்பையைத் தள்ளிவிட்டு எழும்பிறவர். இருபத்துமூண்டு திவசம் இல்லைத்தானே. நண்டு போட்டுக் கூழ் காய்ச்சலாம்.”

இறங்குதுறை வந்து எழும்பும்போதுதான் மனைவி கேட்டாள்.

“நண்டு ஆர் வாங்கிறது?”

இதை எழுத இன்றைக்குத்தான் மனம் வந்தது: 1970 மார்கழி 23.