மிஷின் காட்டிய நூற்றுப்பத்து

— மெதுவா குடி தேவி. டம்ளர நானே புடிச்சிக்கறேன்.

— கஞ்சி குடிக்கலாம்னு நர்சம்மா சொன்னாங்களா, இல்ல நீங்களா ஊத்தறீங்களா?

— டாக்டரே சொன்னாரு. கண்டம் தாண்டியாச்சு, இனிமே வார்டுல இருந்தா போதும்னாரு.

— அப்ப எதுக்குக் கண்ணத் தொடைக்கறீங்க?

— கஞ்சி ஆவி.

— ஆறிப்போன கஞ்சியில இன்னா ஆவி?

— பேசாம குடி. முந்தாநாள் சாயந்தரம் மலை மேல ஓடி ஏறன மாதிரி மூச்சு வாங்கனியே, நான் இன்னா பண்ணேன் தெரியுமா? உன் விரலக் குத்தி மிஷின்ல பாத்தேன். நூத்திப் பத்து. சுகர் ஜோரா இருக்குது, கிரிவலம் சுத்துன அசதி, படுன்னு சொல்லிட்டேன்.

— நானும் அசதின்னுதான் நெனச்சேன்.

— அத்தன வாட்டி வாந்தி எடுத்தும் அசதியா? நம்ம அபிநயா ஃபோன்ல, 'அம்மா மூச்சு இங்க வரைக்கும் கேக்குதுப்பா, ஒடனே வண்டி புடி'ன்னு கத்தலன்னா, அந்த நம்பரையே நம்பி உக்காந்திருப்பேன்.

— அவளுக்குப் பாம்புக் காது.

— நீ சுகருக்குப் போடற இந்த மெட்ஃபார்மின் மாத்திரைய ஜாஸ்தியா முழுங்கினா, சுகர் எறங்கியே ஆவணும்னு இல்லியாம். மிஷின் பாட்டுக்கு நல்லதாக் காட்டும், ரத்தத்துல ஆசிட் ஏறிக்கிட்டே இருக்குமாம். உன் கிட்னி வேற வீக்கு. மாத்திரை வெளிய போவ வழியில்லாம உள்ளயே தங்கிடுச்சாம். டயாலிசிஸ் பண்ணித்தான் எடுத்தாங்க.

— இப்ப எல்லாம் போயிடுச்சில்ல?

— போயிடுச்சு. காலைல எடுத்த டெஸ்ட்ல நல்லா எறங்கியிருக்குது. இப்பவாவது சொல்லு, புது மாத்திரை அட்டை பூரா காலி. எப்பப் போட்ட?

— அடி அண்ணாமலை தாண்டறப்ப அன்னதானம் குடுத்தாங்க. சர்க்கரைப் பொங்கல். சாமி பேரச் சொல்லிக் கையில வெக்கறத வேணாங்க முடியுமா? சாப்ட்டேன். சரிக்கட்ட ரெண்டு மாத்திரை. கொஞ்ச தூரம் போனா கேசரி.

— அதுக்கும் ரெண்டா?

— மூணு. நெய் ஜாஸ்தி.

— சிரிக்காத.

— நீங்கதாங்க சிரிக்கறீங்க.

— பயம் வுட்டுப் போன சிரிப்பு இது. மிச்சம்?

— வீட்டுக்கு வந்ததும் போட்டேன். விடிஞ்சா நீங்க மிஷின எடுத்துக்கினு வந்துடுவீங்களே.

— மிஷினுக்காகவா? பொங்கல் சாப்ட்டேன்னு சொல்லியிருந்தா அடிச்சா இருப்பேன்?

— நீங்க என்னிக்கு அடிச்சிருக்கீங்க. எரநூறுன்னு காட்டிட்டா வாயே தெறக்க மாட்டீங்க. மிஷின மூடி வெச்சிட்டு, அன்னிக்கு ராத்திரி அந்தாண்ட திரும்பிப் படுத்துக்குவீங்க. நான் வெடிய வெடிய உங்க முதுகப் பாத்துக்கினு கெடப்பேன். எனக்கு சுகர விட அந்த முதுகுதாங்க பயம்.

— தேவி.

— சொல்லுங்க.

— அது கோவம்னா நெனச்ச? எங்கம்மாவுக்கு இந்த சுகர்லதான் கால எடுத்தாங்க. எரநூறப் பாத்ததும் அதுதான் ஞாபகத்துக்கு வரும். உன் மூஞ்சியப் பாத்தா அழுதுடுவேன்னுதான் அந்தாண்ட திரும்பிக்குவேன்.

— இத்தன வருஷமாவா?

— ம்.

— இனிமே இந்தாண்ட திரும்பிப் படுத்துக்கினு பயப்படுங்க.