கெய்சருக்குக் கீழே நான்காவது சந்து

டைல்ஸ் சந்தில் இருக்கிற பழைய சிமெண்டைச் சுரண்டி எடுக்கும்போது அவசரப்படக் கூடாது, ஐயா. விளிம்பு பெயர்ந்தால் மறுபடி சேராது. இருபத்திரண்டு வருஷமாக ஓசூர் வீடுகளில் இதுதான் என் வேலை. பெயர் போன வேலை என்று சொல்லவில்லை. ஒரு டைல்ஸையும் உடைத்ததில்லை என்று சொல்கிறேன்.

என் வாக்குமூலத்தை ஸ்டேஷன் ரைட்டர் தானே எழுதிக்கொள்வதாகச் சொன்னார். வேண்டாம் என்று பேப்பரை வாங்கிக்கொண்டேன். எனக்காக இன்னொருவர் எழுதியதில் ஒருமுறை கைநாட்டு வைத்திருக்கிறேன். அது போதும்.

என் மனைவி டெல்சி என்கூடவே சித்தாளாக வந்தவள். நான்கு வருஷம் முன்பு ஒரு வீட்டில் நான் மெஷினால் சந்தை அறுக்க, தூசி பறக்காமல் இருக்க அவள் தண்ணீர் ஊற்றினாள். சுவருக்குள் ஒயர் போகிறது, மெயினை நிறுத்துங்கள் என்று காண்ட்ராக்டர் தினேஷ்குமாரிடம் கேட்டேன்.

“யோவ் சிங்கராயா, மேல சார் லேப்டாப்புல மீட்டிங்ல இருக்காரு. நீ என்ன இன்னிக்குத்தான் மெஷின் புடிக்கிறியா? ஓட்டுய்யா.”

ஓட்டினேன். பிளேடு ஒயரில் பட்டது. தண்ணீர் ஊற்றிய கை அவளுடையது.

அவள் போன மூன்றாம் நாள் தினேஷ்குமார் ஒரு பேப்பரோடு வந்தார். அடக்கத்துக்கு வேண்டிய பேப்பர் என்றார். கைநாட்டு வைத்தேன்.

பிறகுதான் சூளகிரியில் சாயங்கால எழுத்து வகுப்புக்குப் போனேன். சொல்லிக்கொடுத்தது காவியா டீச்சர், தினேஷ்குமாரின் மனைவி. நல்லவர். அதை நான் எங்கேயும் மறுக்கமாட்டேன். அந்தப் பேப்பரின் நகலை எழுத்துக்கூட்டிப் படித்தேன். ஒரு சொல் மட்டும் பிடிபடவில்லை. அவரிடமே காட்டினேன்.

“அஜாக்கிரதை,” என்று படித்தார்.

டெல்சி தன் அஜாக்கிரதையால் இறந்தாள், எனக்கு யார்மேலும் புகார் இல்லை என்று நான் சொன்னதாக இருந்தது. எழுதிய கை யாருடையது என்று டீச்சருக்குத் தெரிந்தது. பேப்பரை மடித்து என்னிடமே கொடுத்தார்.

“பழச விடுங்கண்ணா,” என்றார்.

போன மாதம் அவர்கள் வீட்டுக் குளியலறைச் சந்தெல்லாம் கறுத்துப்போய் என்னைத்தான் கூப்பிட்டார்கள். மெயினை நானே நிறுத்தினேன். வெந்நீர் போடுகிற கெய்சருக்குக் கீழே நான்காவது சந்தில் ஒயர் தட்டுப்பட்டது. அன்றைக்குத் தெரியாமல் அறுத்ததை அங்கே தெரிந்தே அறுத்தேன். மேலே வெள்ளை சிமெண்டை நிரப்பி ஈரத்துணியால் துடைத்தேன். பார்வைக்கு நல்ல வேலை.

“நாளைக்கு நாந்தாண்ணா மொதல்ல குளிப்பேன். ஏழு மணிக்கு பஸ்ஸு. காஞ்சிடுமா?”

“காஞ்சிடும் டீச்சர்.”

“பெரிய ஓட்டல் பாத்ரூம் மாதிரி பண்ணிட்டீங்க. இனிமே அவரு உள்ள போனா வெளியவே வரமாட்டாரு.”

சிரித்தார். நானும் சிரித்தேன்.

டீச்சர்மேல் எனக்குக் கோபம் கிடையாது. தினேஷ்குமார் செத்திருந்தால் அவருக்கு என்ன விளங்கியிருக்கும்? உயிரோடு இருந்து தெரிந்துகொள்ள வேண்டியவர் அவர்தான். தப்பு செய்தேன் என்று எழுதச் சொன்னால் எழுதமாட்டேன். செய்தேன் என்று எழுதுகிறேன்.

டீச்சர் செத்த மூன்றாம் நாள் தினேஷ்குமார் வீட்டுக்குப் போனேன். அவர் கையெழுத்துப் போட என் கையால் எழுதிய பேப்பரை நீட்டினேன். என் மனைவி தன் அஜாக்கிரதையால் இறந்தாள், எனக்கு யார்மேலும் புகார் இல்லை. டீச்சர் பார்த்திருந்தால் ஒரு பிழையும் சொல்லியிருக்கமாட்டார்.

படித்து முடித்து என்னை நிமிர்ந்து பார்த்தார். பேனா விரலில் நிற்கவில்லை.

பரவாயில்லை என்றேன். கைநாட்டுக்கு மை டப்பாவைக் கையோடு கொண்டுபோயிருந்தேன்.