பந்தியில் எழுந்த அத்தை

— தட்டைக் கையில் கொடுக்காதே, ராதிகா. அந்த நாற்காலியில் வை.

— இன்னும் எம்மேல கோவமா அண்ணி? உங்க தம்பியோட சின்னப் பொண்ணு நிச்சயத்துக்குத்தான் பாக்கு வெக்க வந்துக்கிறேன்.

— கோபமில்லை. விரல்கள் மடங்குவதில்லை. தட்டு நழுவிவிடும்.

— இன்னா அண்ணி இது, மெழுகாட்டம் பளபளன்னு, நுனியெல்லாம் நீலம் பாஞ்சு? மூஞ்சில மட்டும் ஒரு சுருக்கம் இல்ல. ரிட்டயர்டு டீச்சருன்னு சொன்னா யாரு நம்புவாங்க?

— தோல் இறுகிக்கொண்டே போனால் சுருக்கம் எங்கே விழும்? அது தோலோடு நின்றிருக்கக் கூடாதா? உள்ளேயும் அப்படித்தான். உணவுக்குழாய் விறைத்துவிட்டது. விழுங்கியது நெஞ்சிலேயே நிற்கிறது. இட்லியை மோரில் கரைத்துத்தான் குடிக்கிறேன். படுத்தால் புளித்து மேலே வருமென்று சாய்ந்தபடியே உறங்குகிறேன்.

— நீங்க பாடம் எடுத்தா பஸ் ஸ்டாண்டுக்குக் கேக்கும்பாங்க. இப்ப நாலு வார்த்தைக்கே மூச்சு வாங்குது.

— நுரையீரலும் இறுகத் தொடங்கிவிட்டது. அடுத்துச் சிறுநீரகம் கெட்டுவிடக்கூடாது என்றுதான், ரத்த அழுத்தத்தைத் தவறாமல் பார்க்கச் சொல்கிறார் புதுச்சேரி மருத்துவர்.

— அப்ப பெரியவ மணிமொழி கல்யாணத்துக்கு மொத நாள் பந்தியில ரெண்டு வாயோட எழுந்தீங்களே, அது...

— இறங்கவில்லை, ராதிகா.

— நெலத்தப் பாகம் பிரிச்ச கோவத்த எலையில காட்டிட்டாங்கன்னு வடக்கனந்தல் பூரா நாந்தான் சொல்லிக்கினு திரிஞ்சேன். ரெண்டு வருசமா இந்த வூட்டுப் படி ஏறல. ஒரு வார்த்த சொல்லக்கூடாதா அண்ணி?

— எதிர் வரிசையில் சம்பந்தி வீட்டார் உட்கார்ந்திருந்தார்கள்.

— இருந்தா இன்னா?

— அத்தைக்கு வந்தது பெண்ணுக்கும் வருமோ என்று கேட்டிருப்பார்கள்.

— வருமா?

— ஒட்டிக்கொள்ளும் நோயன்று. குடும்பத்தில் இன்னொருவருக்கு வருவதும் அபூர்வம் என்கிறார் மருத்துவர். விடிந்தால் தாலி கட்ட வேண்டும். அந்த இரவில் இதையெல்லாம் யார் பொறுமையாகக் கேட்பார்கள்?

— தெரிஞ்சேதான் அத்தினி பேச்சும் வாங்கினீங்களா? எம்புத்தியச் சொல்லணும். இனிமே நானே எல்லார்கிட்டயும் உண்மையச் சொல்றேன். சின்னவ தேவிப்ரியாவுக்கு நீங்கதான் வந்து மொதல்ல பூ வெக்கணும்.

— இந்த விரல்களாலா? மாப்பிள்ளை வீட்டார் முன்னிலையிலா?

— அத்த எங்கன்னு அவங்க கேப்பாங்களே. நான் இன்னா சொல்றது?

— தட்டை அப்படியே திருப்பி எடுத்துக்கொண்டு போ. தெருவில் நாலு பேர் பார்க்கட்டும். நாத்தனாருக்கு இன்னும் கோபம் ஆறவில்லை என்று சொல். இரண்டு வருடமாக நீ சொல்லிவந்ததுதானே, எல்லோரும் நம்புவார்கள்.