இடது பக்கத்துக் கீறல்கள்

– கையை எடுங்க அத்தான். விரலால தடவினா கீறல் மறையாது.

– தடவல சின்னவளே. பெருமையாப் பாக்குறேன். ஒவ்வொரு கீறலும் ஒரு வீரக்கதை.

– அப்போ அப்படியே விட்டுடவா?

– ஐயையோ! படகுலேருந்து கழட்டிட்டு வந்த மோட்டார் மூடி இன்னைக்கே கண்ணாடி மாதிரி ஆகணும். நாலு மணிக்குப் படகுச் சங்கத்துல கேப்டன் தேர்வு.

– நீங்கதான் ஏற்கெனவே கேப்டனாச்சே. தொப்பி இருக்கு, விசிட்டிங் கார்டு இருக்கு...

– அது மக்கள் கொடுத்த பட்டம்.

– எந்த மக்கள்?

– கார்டு அடிச்ச பிரஸ்காரர் ஒரு வார்த்தை மறுத்துப் பேசலையே!

– சரிதான். தேர்வுல என்ன செய்யணும்?

– மிதவையைச் சுத்திட்டு வந்து, துறையில உரசாமப் படகைக் கட்டணும். உரசினா அவுட். இந்தக் கீறலோட போய் நின்னா என்னை என்னன்னு நினைப்பாங்க?

– உரசினவர்னு நினைப்பாங்க.

– உரசல் இல்லம்மா, மோதல்! போன மாசப் புயல்ல பாறை மேல மோதினேன். அலை மூணு மாடி உயரம்...

– நாலு மாடின்னு அக்காகிட்ட சொன்னீங்களாம். அந்த உப்புத்தாளைக் கொடுங்க... பாறையில மோதினா குழி விழும் அத்தான். இது மரத்தூண்ல உரசின கோடு. அதுவும் எல்லாமே இடது பக்கம்.

– பாறைக்கும் ஒரு கட்சி இருக்கக் கூடாதா?

– இதைப் பாருங்க. கீழ இருக்கிற கோடு நல்ல ஆழம். அதுக்கு மேல மெலிசு. கடைசி வெறும் மயிரிழை. யாரோ படகு கட்டக் கத்துக்கிட்டு, நாளுக்கு நாள் தேறியிருக்காங்க.

– கத்துக்கிறதா? நானா? மீன்குஞ்சுக்கு எதுக்கு நீச்சல் பாடம்?

– கருவாட்டுக்கும் எதுக்குன்னுதான் கேக்குறேன்... அட! உள்ள பழைய பட்டி தெரியுதே. ஏற்கெனவே பட்டி பார்த்துப் பெயிண்ட் அடிச்ச மூடி இது.

– சான்ஸே இல்ல! வாங்கின நாள்லேருந்து அந்த மோட்டாரை ஒரு தடவை கூட ஸ்டார்ட்...

– ஸ்டார்ட்?

– அந்த பெயிண்ட் டப்பாவை மூடி வைக்கவா? காய்ஞ்சுடும்.

– சொல்லுங்க. கதையில இவ்வளவு பெரிய ஓட்டைக்குப் பட்டி பார்க்க என்கிட்ட சாமான் இல்ல.

– கதவைச் சாத்து.

– சாத்தியாச்சு.

– படகு ஆடினா எனக்குக் குமட்டும்.

– யாருக்கும் குமட்டும்.

– கட்டி வச்ச படகு ஆடினாலே குமட்டும்.

– அப்போ புயல்?

– துறையில நின்னுட்டிருந்தேன். காத்து வந்து தொப்பியைத் தூக்கிட்டுப் போச்சு... சிரிக்காத! புதுசா இன்னொண்ணு வாங்க வேண்டியதாப் போச்சு.

– சிரிக்கல, தூசி. இன்னைக்கு எப்படி ஓட்டுவீங்க?

– ஓட்டவே வேண்டாம். முதல்ல எதிராளி போகணும். உரசினதும் அவுட். உடனே எனக்கு முட்டி வலி வந்துடும். போட்டியில்லாம நான் கேப்டன்.

– உரசாம வந்துட்டா?

– எதிராளி யாரோ பொம்பளையாம்.

– பொம்பளை கையில உப்புத்தாள் இருக்கு. பார்த்துப் பேசுங்க.

– உன்னைச் சொல்லலம்மா... ஆமா, நான் ஓட்டலன்னா இதைக் கீறினது யாரு? பூனையா?

– பூனை பட்டியும் பார்த்துச்சாக்கும். அக்காகிட்ட கேட்டீங்களா?

– அவளுக்கு என்ன தெரியும், பாவம். விடிஞ்சதும் நடக்கப் போவா, ஈரச் செருப்போட வருவா. கேட்டா பனி அதிகமாம்.

– ஆமா... இந்த வருஷம் பனி அதிகம்தான். போன் அடிக்குது பாருங்க, உங்களோடது.

– கேப்டன் பேசுறேன்... என்ன, நேரத்தை மாத்திட்டீங்களா? ...எதிராளி கிளம்பியாச்சா? ...மூடி இல்லாத மோட்டாரா! ஹஹ்ஹா! ...போகட்டும், போகட்டும். நான் மெதுவா வர்றேன். முட்டிதான் கொஞ்சம்...

– என்னவாம்?

– சங்கத்துக் கிளார்க். மோட்டாருக்கு ஒரு மூடிகூட இல்லாம கிளம்பியிருக்கா அந்தம்மா. இதெல்லாம் எனக்குப் போட்டி!

– மூடிதானே இல்ல அத்தான். மோட்டார் இருக்கே.

– துறையே சிரிக்குமே!

– யாரோட படகுன்னு கேட்டீங்களா?

– அதெல்லாம் ஒரு கேப்டன் கேக்குற கேள்வியா?

– இல்லதான்... தள்ளி நில்லுங்க, கடைசிக் கோட் பெயிண்ட் அடிக்கிறேன். ...ம். முடிஞ்சுது.

– ஆஹா! என் மூஞ்சியே தெரியுது. கேப்டன் மூஞ்சி!

– ரசிச்சுக்குங்க. இனி இதுல கீறல் விழாது.

– எப்படி அவ்வளவு உறுதியாச் சொல்ற?

– அந்தப் பழைய பட்டியும் நான் பார்த்ததுதான். நானே பக்கத்துல உட்கார்ந்து பழக்கின கை. எனக்குத் தெரியாதா?

– எந்தக் கை?

– இப்போ என் போன். கையெல்லாம் பெயிண்ட் அத்தான், நீங்களே எடுத்து ஸ்பீக்கர்ல போடுங்க. அக்காதான்.

– கேப்டன் பேசுறேன்.

– நானும் கேப்டன்தாங்க பேசுறேன். ஒரு உரசல் இல்லாம இப்பதான் கட்டினேன், துறையே கை தட்டுது, கேக்குதா? மூடி காய்ஞ்சதும் எடுத்துட்டு வந்துடுங்க... அப்படியே அந்தத் தொப்பியையும்.