மாப்பிள்ளை போட்டிருந்த கோட்டு

கோட்டு போட்டுக்கொண்டு ஒருக்களித்துப் படுத்தால் தோள் கெட்டுவிடும். முதுகில் விழும் கசங்கலை இஸ்திரிப் பெட்டி சரிசெய்துவிடும். உள்ளே பஞ்சு வைத்துத் தைத்த தோள் ஒருமுறை மடங்கினால் மடங்கியதுதான். அதனால்தான் மாப்பிள்ளையை மல்லாக்கப் படுக்க வைத்தேன் என்று, விசாரிக்க வந்த உங்கள் போலீஸ்காரர்களிடம் அன்றைக்கே சொன்னேன், ஐயா. தலையாட்டிவிட்டுப் போனார்கள். தையல்காரன் தையலைப் பற்றித்தானே பேசுவான்.

மாப்பிள்ளை என்றால் என் தங்கை கணவர். என் கடையில் காஜா எடுப்பவர். அவர் கையால் எடுத்த பொத்தான் துளையை வாடிக்கையாளர்கள் தடவித் தடவிப் பார்ப்பார்கள். மாடி வீட்டு வக்கீலுக்கும் அவருக்கும் ஒரே உடல்வாகு. வக்கீலின் கோட்டை இவருக்கு மாட்டிப் பார்த்துத்தான் முடிப்போம். "போட்டுப் பாக்குறது நான், போட்டுக்கிட்டுச் சம்பாதிக்கிறது அவரா?" என்று சிரிப்பார். தங்கமான மனுஷன். குடிக்காமல் இருக்கிற நேரம்தான் குறைவு.

காலையில் ஒரு வாய் உள்ளே போகாமல் அவர் ஊசியில் நூல் ஏறாது. ராத்திரியில் தங்கைக்குத் தூக்கம் கிடையாது. வாந்தி எடுத்து மூச்சடைத்துவிடுமோ என்று அவரை ஒருக்களித்துக் கிடத்தி, முதுகுக்குத் தலையணை முட்டுக்கொடுத்து, பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பாள். பகலில் வேலை செய்கிற இடத்தில் கண்ணயர்ந்துவிடுவாள். கிடைத்த வேலையெல்லாம் அப்படித்தான் கைவிட்டுப் போனது. அவள் ஒரு நாளும் அலுத்துக்கொண்டதில்லை. எனக்குத்தான் பார்க்கப் பார்க்க வயிறு எரியும்.

அன்றைக்கு ஒரு விடுதிச் சமையலறையில் அவளுக்கு முதல் நாள் வேலை. தலையைப் படிய வாரிக்கொண்டு கடைக்கு வந்தாள். "அண்ணா, இன்னைக்குத் தொடமாட்டேன்னு சொல்லியிருக்காரு. அதையும் மீறிக் குடிச்சா, மல்லாக்க மட்டும் விட்டுடாத" என்றாள். நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லி அனுப்பினேன். இந்த வேலையாவது அவளுக்கு நிலைக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

மத்தியானம் வரை மாப்பிள்ளை சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். கை உதறியது. வியர்த்துக் கொட்டியது. அலமாரியில் லைனிங் துணிக்குப் பின்னால் இருந்த புட்டியை நான்தான் எடுத்து அவர் முன்னால் வைத்தேன்.

"வேணாம் மச்சான். அவகிட்ட சொல்லிட்டேன்."

"சாயங்காலம் வக்கீல் கோட்டைக் கொடுத்தாகணும் மாப்ள. கை நிக்கட்டும். ஒரு வாய்தானே."

ஒரு வாயோடு நிற்காது என்று எனக்குத் தெரியும். புட்டியைத் திரும்ப எடுத்து வைக்கவில்லை.

காஜாவை முடித்துவிட்டு எழுந்து கோட்டை மாட்டிக்கொண்டவர் அப்படியே சரிந்தார். தூக்கி உள்ளறையில் துணி வெட்டும் மேசைமேல் மல்லாக்கக் கிடத்தினேன். கோட்டைக் கழற்றிவிட்டு ஒருக்களித்துப் படுக்க வைத்திருக்கலாம். அதில் பொத்தான்கூட இன்னும் வைக்கவில்லை, ஐயா. இழுத்தால் வந்துவிடும்.

முன்பக்கம் வந்து மெஷினில் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து சத்தம் வந்தது. பெடலை மிதித்தேன். தைப்பதற்கு வேறு துணி இல்லாததால் ஒரு துண்டுத் துணியில் கோடு கோடாக ஓட்டிக்கொண்டிருந்தேன். உள்ளே அடங்கிய பிறகுதான் நிறுத்தினேன்.

குடியால் வந்த சாவு என்று டாக்டர் சொன்னார். எல்லோரும் அதையே சொன்னார்கள். தங்கை அந்தச் சமையலறைக்குத் திரும்பிப் போகவேயில்லை. ராத்திரியில் இப்போதும் உட்கார்ந்துதான் இருக்கிறாள். இனிமேலாவது நிம்மதியாகத் தூங்குவாள் என்று எண்ணியிருந்தேன். எனக்கும் அவர் இல்லாத கடைக்குள் நுழையவே பிடிக்கவில்லை.

ஒரே ஒரு தடவை கேட்டாள். "கடைசியில என்னைக் கூப்பிட்டாரா அண்ணா?"

இல்லம்மா என்றேன். அவளிடம் நான் பொய் சொன்னதே கிடையாது, ஐயா. அன்றைக்கும் சொல்லவில்லை. அவர் கூப்பிட்டது என்னைத்தான்.