நம் வீட்டுச் செய்தியை யார் சொல்வது?

அவையை அழகுற நடத்திக்கொண்டிருக்கும் குடியிருப்போர் சங்கத் தலைவர் அவர்களே! முன்வரிசையை நிறைத்து, பேச வந்தவளைப் பாதி பயமுறுத்திக்கொண்டிருக்கும் பெரியோர்களே! பிள்ளையை மடியிலும் பொறுமையை மனத்திலும் ஏந்தி வந்திருக்கும் தாய்மார்களே! நாற்காலி காலியாக இருந்தும் நின்றுகொண்டேதான் கேட்பேன் என்று அடம்பிடிக்கும் இளைஞர்களே! உங்கள் அனைவருக்கும் என் அன்பு கனிந்த வணக்கம்.

நான் கண்ணாடிக் கடையில் வேலை செய்பவள். பார்வையைப் பற்றிப் பேசச் சொன்னால் பொழுது விடியும்வரை பேசுவேன். பயப்படாதீர்கள்! இன்று நான் பேச வந்தது, நாம் பார்க்கும் பார்வையைப் பற்றி அன்று. நம்மைப் பார்க்கும் பார்வையைப் பற்றி. தொலைக்காட்சியை நாம் பார்க்கிறோம். தொலைக்காட்சி நம்மைப் பார்க்கிறதே, அதை நாம் பார்க்கிறோமா?

என் கணவர் வயலின் ஆசிரியர். எங்கள் கூடத்தில்தான் வகுப்பு. நான் சொல்லப்போவது அவர் கதை. அவர் அனுமதியோடுதான் சொல்கிறேன். அதோ, மூன்றாம் வரிசையில் சிரிக்கிறார் பாருங்கள்!

பழைய பெட்டி படுத்துவிட்டது. புதிதாக ஒரு ஸ்மார்ட் டிவி வாங்கினோம். மாட்டிக்கொடுக்க வந்தவர் ரிமோட்டைக் கையில் எடுத்தார். திரையில் எறும்பு ஊர்வதுபோல் எழுத்துகள்.

"இதெல்லாம் என்னங்க?" என்றேன்.

"அது ஒண்ணும் இல்லம்மா. எல்லாத்துக்கும் ஓகே குடுத்துட்டாத்தான் சீக்கிரம் முடியும்."

கொடுத்தார். ஓகே, ஓகே, ஓகே! நம் வீட்டுக் கூடத்தில், நம் கண்ணெதிரே, நம் பெயரால் வேறொருவர் சம்மதம் சொல்லிவிட்டுப் போனார். நாமும் வாசல்வரை சென்று வழியனுப்பினோம். இங்கே தலையாட்டுகிறவர்களைப் பார்த்தால், உங்கள் வீட்டுக்கும் அதே மனிதர்தான் வந்திருப்பார் போலிருக்கிறது!

அந்த நாள்களில் என் கணவருக்கு ஒரு மனக்கலக்கம். மாணவர்கள் வாசிக்கும்போது மேல் ஸ்தாயி சுரங்கள் மங்கலாகக் கேட்டன. இசை ஆசிரியருக்குக் காது மங்கினால், அந்தச் செய்தியை யாரிடம் சொல்வது? மனைவியிடம் சொன்னால் கலங்குவாள். பெற்றோர்களிடம் சொன்னால் பிள்ளைகளை நிறுத்திவிடுவார்கள். ஆகவே அவர் யாரிடமும் சொல்லவில்லை. நான் கடைக்குப் போனபின், ஆளில்லாத வீட்டில், அந்தத் தொலைக்காட்சியிலேயே தேடித் தேடிப் பார்த்தார்: காது ஏன் மங்குகிறது, கருவி வைத்தால் இசை கேட்குமா, கேட்டால் எப்படிக் கேட்கும் என்று. மனிதரிடம் மறைத்ததை இயந்திரத்திடம் கேட்டார். இயந்திரம் பிறரிடம் பேசாது என்று நம்பினார்.

பேசியது ஐயா, பேசியது!

ஒரு விடுமுறை நாள். கூடம் நிறைய மாணவர்கள், சுவரோரம் பெற்றோர்கள். ஒரு கச்சேரிப் பதிவைப் போட்டுக் காட்டலாம் என்று தொலைக்காட்சியைப் போட்டார். படம் வருமுன்னே திரையின் பாதியை அடைத்துக்கொண்டு ஒரு விளம்பரம்: 'காது சரியாகக் கேட்கவில்லையா? இன்றே பரிசோதியுங்கள்!' அதை மூடினால், அடுத்தது: 'வெளியே தெரியாத காதுக் கருவி!'

ஒரு மாணவியின் தாயார் கேட்டார்: "என்ன சார், வீட்ல யாருக்குக் காதுல பிரச்சினை?"

என் கணவர் திகைத்தார். பிறகு, "கீழ் வீட்டுக்காரர் வந்து பார்த்துட்டு இருந்தாரு, அதான்..." என்றார்.

கீழ் வீட்டு ஐயா இங்கேதான் அமர்ந்திருக்கிறார். ஐயா, மன்னிக்க வேண்டும்! உங்கள் காது நன்றாகத்தான் கேட்கிறது. நாங்கள் தரையில் ஒரு நாற்காலியை இழுத்தால் உங்களுக்குக் கேட்டுவிடுகிறதே!

சமையலறை வாசலில் நின்று நான் அவர் முகத்தைப் பார்த்தேன். எனக்குப் புரிந்துவிட்டது. எல்லோரும் போனபின் கேட்டேன்.

"எத்தன நாளா இப்படி?"

"கொஞ்ச நாளாத்தான். டாக்டரப் பார்த்துட்டு சொல்லலாம்னு இருந்தேன்."

"டிவிக்குத் தெரிஞ்சிருக்கு. எங்கேயோ காதுக் கருவி விக்கிறவனுக்குத் தெரிஞ்சிருக்கு. எனக்குத் தெரியல, பாருங்க."

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "நானே சொல்லணும்னு நெனச்சேன். அது முந்திக்கிச்சு," என்றார். என் கோபம் அங்கேயே கரைந்தது. அவர் மீதிருந்த கோபம் கரைந்தது. அந்தப் பெட்டியின் மீதிருந்த கோபம் வளர்ந்தது!

மறுநாள் மருத்துவரைப் பார்த்தோம். வயதோடு வரும் மந்தம்தான், கருவி வைத்தால் தொழிலுக்குக் குறைவில்லை என்றார். வீடு திரும்பியதும் இருவரும் ரிமோட்டும் கையுமாக உட்கார்ந்தோம். அமைப்புகளுக்குள் போனால் உள்ளே ஓர் அறை. அதற்குள் இன்னோர் அறை. ஒப்புக்கொள்ள ஒரு பொத்தான், மறுக்க ஒரு மலையேற்றம்! 'நீங்கள் பார்ப்பதை அறிந்துகொள்ளும் வசதி' என்று ஒன்று இருந்தது. யாருக்கு வசதி? அணைத்தோம். 'உங்களுக்கேற்ற விளம்பரங்கள்' என்று ஒன்று. அணைத்தோம். பேச்சைக் கேட்கும் ஒலிவாங்கியையும் அணைத்தோம். அப்படியும் முகப்பில் ஏதோ ஒரு விளம்பரம் பல்லிளித்தது.

"இதுக்கு எதுக்குங்க இன்டர்நெட்டு?" என்றேன்.

"வேண்டாம்தான்," என்றார். இணைப்பையே துண்டித்தோம். ஆகா, என்ன அமைதி!

அங்கே ஓர் அண்ணன் கேட்கிறார், "அப்ப படம் எப்படிம்மா பார்க்கிறீங்க?" என்று. நல்ல கேள்வி! மடிக்கணினியிலிருந்து ஒரு கேபிள், அவ்வளவுதான். கணினி மட்டும் வேவு பார்க்காதா என்பீர்கள். பார்க்கும். ஆனால் அங்கே விளம்பரத்தைத் தடுக்க வழி உண்டு, தடயத்தை அழிக்க வழி உண்டு. தொலைக்காட்சி இப்போது காட்டச் சொன்னதைக் காட்டுகிறது. தன் வாயைத் திறப்பதில்லை.

கருவி வாங்கியபின் நடந்த அடுத்த வகுப்பில், பெற்றோர்கள் முன்னால் என் கணவர் எழுந்து நின்றார். காதைத் தொட்டுக் காட்டினார்.

"எனக்குக் காது கொஞ்சம் மந்தம். இந்தக் கருவி வெச்சிருக்கேன். அன்னிக்கு நான் சொன்னது பொய். உங்க பிள்ளைங்கள நம்பி அனுப்பறீங்க, அதனால நானே சொல்றேன்."

ஒரு குடும்பம் மறுவாரம் வரவில்லை. அது எங்களுக்கு வலிக்கத்தான் செய்தது. மற்றவர்கள் எல்லோரும் வந்தார்கள். அன்று கேள்வி கேட்ட அதே தாயார், "எங்க அப்பா கருவி வேண்டாம்னு அடம்பிடிக்கிறாரு சார், நீங்க வந்து ஒரு வார்த்தை சொல்லுங்களேன்," என்றார். இவர் போனார், பேசினார், அந்தப் பெரியவரும் இப்போது கருவி வைத்திருக்கிறார். விளம்பரம் செய்ய முடியாததை ஒரு மனிதர் தன் வாயால் சொன்ன உண்மை செய்தது!

அன்பர்களே! நோய் நம்முடையது. நம்பிக்கை நம்முடையது. நாணமும் நம்முடையது. அதை என்று சொல்வது, யாரிடம் சொல்வது, எந்தச் சொல்லால் சொல்வது என்பதும் நம்முடையதாக இருக்க வேண்டாமா? மறைப்பதற்கு என்ன இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: மறைப்பதற்காக நாங்கள் கதவைச் சாத்தவில்லை, நாங்களே திறப்பதற்காகச் சாத்துகிறோம்!

இன்று வீட்டுக்குப் போனதும் ரிமோட்டை எடுங்கள். அந்த அறைகளுக்குள் நுழையுங்கள். ஒவ்வொன்றாக அணையுங்கள். வழி தெரியாவிட்டால் எங்கள் கதவைத் தட்டுங்கள். மெதுவாகத் தட்டினாலே போதும். இப்போதெல்லாம் அவருக்குத்தான் முதலில் கேட்கிறது.

இவ்வளவு நேரம் செவி கொடுத்த உங்கள் அனைவருக்கும் என் நெஞ்சு நிறைந்த நன்றி. வணக்கம்!